வீடு, அண்டை, வாகனம்

மனிதனின் நற்பேறுகள் என நான்கினை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதாக, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஓர் அறிவிப்பை இமாம் இப்னு ஹிப்பான் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். நல்ல துணைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், இதமான வாகனம் என்பன அவை. இவற்றுள் முதலாவதை விடுத்துப் பார்த்தால் எஞ்சும் மூன்றும், இன்று சிற்றூரில் வீடு வாங்கி அங்கிருந்து நகரத்திற்கு வேலைக்குச் சென்று வர நினைக்கும் குடும்பம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகளாகவே அமைந்துள்ளன. வீட்டின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு மற்ற இரண்டையும் விதியிடம் ஒப்படைப்பதே நம்மவர் வழக்கம்.

சென்ற ஷவ்வால் விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஏழாண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றபின் வணிகவியலும் பயின்றவர். தென்காசியில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறார். அவர் மனைவி திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. கீழப்பாவூரில் ஒரே வரிசையில் கட்டப்பட்ட ஐந்து வீடுகளுள் ஒன்றைப் பேசி முடிக்கும் நிலையில் இருந்தார். விலை அவருடைய ஆறாண்டு ஊதியத்திற்குச் சமம். கையில் இருந்தது அதில் பாதி. அந்தப் பாதியிலும் ஒரு பகுதி மனைவியின் நகை.

"ஹஜ்ரத், பத்திரத்தின் நகலை நாலு தடவை படித்துவிட்டேன். எதை வாங்குகிறேன் என்பதே விளங்கவில்லை. நீங்களும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்றார்.

அவருடன் சென்று வந்ததன் விளைவே இக்கட்டுரை. பத்திரத்தின் நகலில் எழுதப்படாமல் விடுபட்டிருந்தவற்றைப் பற்றியே இதில் அதிகம் பேச வேண்டியுள்ளது.

வாகனம்

கீழப்பாவூர் ஒரு பேரூராட்சி. தென்காசி–திருநெல்வேலி நெடுஞ்சாலையில் உள்ள பாவூர்சத்திரத்திலிருந்து சுரண்டை செல்லும் வழியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெல்வயலும் பீடித் தட்டும் அவ்வட்டாரத்தின் பழைய வாழ்வாதாரங்கள். பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தை சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பெயர்பெற்றது.

இத்தகைய ஊரில் வெளியார் வீடு தேடத் தொடங்கியதற்குக் காரணங்கள் உண்டு. 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலி–தென்காசி இருப்புப்பாதை அகலப்பாதையாயிற்று. அதில் பாவூர்சத்திரம் ஒரு நிலையம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்ட அலுவலகங்களும் அவற்றைச் சார்ந்த பணிகளும் வந்தன. தென்காசி–திருநெல்வேலிச் சாலை நான்கு வழியாக விரிவாக்கப்பட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. குற்றாலச் சாரலை நாடி வருவோர் தென்காசியிலும் அதன் மேற்கிலும் மனை விலையை ஏற்றிவிட்டனர். ஆகவே மேற்கே தென்காசிக்கும் கிழக்கே திருநெல்வேலிக்கும் சென்று வர வேண்டிய இருவர் சேர்ந்த குடும்பத்திற்குப் பாவூர்சத்திரத்தை ஒட்டிய ஊர்கள் பொருத்தமாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பது ஏமாற்றம் தரும். வாசலிலிருந்து பணியிடம் வரை ஆகும் நேரத்தைக் கொண்டு அளக்க வேண்டும். பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசி ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். திருநெல்வேலியோ நாற்பதுக்கும் மேல். கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம் வரை உள்ள அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரைக் காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எப்படிக் கடப்பது என்பதில்தான் முழுக் கணக்கும் அடங்கியுள்ளது. என் மாணவரிடம், முன்பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் மனைவியுடன் அந்த ஊரிலிருந்தே வேலைக்குச் சென்று வருமாறு கூறினேன். உறவினர் ஒருவர் வீட்டில் தங்கி அவ்வாறே செய்தனர். மனைவிக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் வழியில் கழிவதைக் கண்டனர். அது சிறு விலையன்று. ஆயினும் அறிந்து கொடுக்கும் விலை வேறு. அறியாமல் கொடுக்கும் விலை வேறு.

இங்கு மதீனாவின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பனூ ஸலிமா குலத்தார் ஊரின் ஓரத்தில் வசித்தனர். பள்ளிவாசலுக்கு அருகே இடம் காலியானபோது அங்குக் குடிபெயர விரும்பினர். அவர்கள் தம் இருப்பிடத்திலேயே இருக்கட்டும், அவர்கள் நடந்து வரும் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறினார்கள். மதீனாவின் ஓரப்பகுதிகள் வெறுமையாகிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று புகாரியின் அறிவிப்பு காரணமும் சொல்கிறது. எல்லோரும் மையத்திற்கு நெருங்கினால் ஓரம் பாழாகும். மையத்தில் விலை ஏறும். ஊரின் ஓரத்தில் வாழ்வது ஒரு குறை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வரிசை வீடு என்பது யாது?

விளம்பரத் தாள்கள் 'ரோ ஹவுஸ்' என அச்சிடுவதைத் தமிழில் வரிசை வீடு எனலாம். பொருள் நமக்குப் புதிதன்று. நெல்லைச் சீமையில் 'வளவு' என்ற சொல் இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு நடையின் இருபுறமோ ஒருபுறமோ சுவரொட்டிய வீடுகள், பொதுக் கிணறு, பொது வாசல் என அமைந்த குடியிருப்பு அது. நெசவாளர் தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே நின்றது. பழைய வளவில் பெரும்பாலும் உடைமையாளர் ஒருவர், குடியிருப்போர் பலர். புதிய வரிசை வீட்டிலோ உடைமையாளரே பலர். சிக்கல் இங்குதான் பிறக்கிறது.

அடுக்குமாடி வீட்டை வாங்குபவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிபடாத பாகம் மட்டுமே. வரிசை வீட்டை வாங்குபவருக்குத் தரையும் கூரையும் சொந்தம். நாளை மாடி எழுப்பவும் வழியுண்டு. அதுவே இதன் சிறப்பு. எனினும் நான்கு பொருள்கள் அவருக்கு மட்டும் சொந்தமாவதில்லை: இரு வீட்டுக்கும் நடுவே உள்ள பொதுச்சுவர், தெருவிலிருந்து வீடு வரை வரும் நடைபாதை, கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு. பேரூராட்சிகளில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இல்லாததால் தொட்டியின் இடமும் அதற்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரமும் உயிர்ப் பிரச்சினைகள். நாங்கள் பார்த்த பத்திர நகலில் நான்கெல்லை, நீள அகலம், சதுர அடி யாவும் எழுதப்பட்டிருந்தன. இந்நான்கு பொருள்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாணவருக்கு விளங்காமற் போனது இதனால்தான்.

சுவரின் சட்டம்

ஃபிக்ஹு நூல்களில் 'ஸுல்ஹ்' எனும் சமாதான உடன்படிக்கைப் பகுதியை மாணவர்கள் அவசரமாக ஓதிக் கடப்பது வழக்கம். சுவரும் உத்தரமும் மழைநீர்த் தாரையும் நமக்கென்ன என்று நினைப்பர். வரிசை வீட்டின் முன் நின்றபோது அப்பகுதியின் அருமை எனக்கே புதிதாகப் புலப்பட்டது.

அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை ஊன்றுவதை எவரும் தடுக்க வேண்டாம் என்ற பொருளில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இது கட்டளையா, பரிந்துரையா என்பதில் இமாம்கள் வேறுபட்டனர். தேவையும் இருந்து தீங்கும் இல்லையெனில் தடுக்க உரிமையில்லை என்பது ஹன்பலிக் கருத்து. ஹனஃபி, மாலிகி அறிஞர்கள் இதை நற்பண்பின்பாற்பட்டதாகக் கொண்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கருத்து முதல் வகை. புதிய கருத்தில் உடைமையாளரின் சம்மதம் வேண்டும். இருவருக்கும் பங்குள்ள சுவரில் ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி ஆணி அறைவதோ மாடம் குடைவதோ கூடாது என்பதும், அது இடிந்தால் மீண்டும் கட்டுமாறு பங்காளியைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் ஷாஃபிஈ மத்ஹபிலேயே பழைய கருத்தும் புதிய கருத்தும் மாறுபடுகின்றன என்பதும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ளவை.

சுவர் எவருடையது என்ற வழக்கில் ஹனஃபி நூல்கள் சுவரையே சாட்சியாக நிறுத்துகின்றன. எவர் கட்டடத்தின் செங்கல் அச்சுவரின் செங்கலோடு பல்லும் பல்லுமாகக் கோத்து நிற்கிறது, எவருடைய உத்தரம் அதன்மேல் அமர்ந்துள்ளது என்று பார்க்கச் சொல்கின்றன. நாணற் குடிசை பற்றிய ஒரு தகராறில், கயிற்றின் முடிச்சுகள் எவர் பக்கம் இருந்தனவோ அவர் சார்பில் ஹுதைஃபா (ரலி) தீர்ப்பளித்ததாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது எனினும் அக்காலத்தார் சிந்தித்த முறைக்கு அது சான்று. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பார் தொழிலால் கொத்தனார். கட்டட வழக்குகளில் காழிகளுக்குத் துணைநின்ற அனுபவத்தைக் கொண்டு சுவர், சாளரம், வடிகால், பாதை ஆகியவற்றின் சட்டங்களைத் தனி நூலாகவே எழுதினார். கரணையும் கித்தாபும் ஒரே கையில் இருந்த காலம் அது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை அறியாததன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பாதை, நீர், வெளிச்சம், கட்டடத்திற்கான தாங்குதல் ஆகிய உரிமைகளை ஏற்கிறது. இடையறாது இருபதாண்டுகள் உரிமையுடன் அனுபவித்தால் அவ்வுரிமை உறுதிப்படும் என்பது அதன் விதி. புதிதாக வாங்குபவர் இருபதாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். எழுத வேண்டியவை மிகச் சில. சுவர் பொதுச்சுவரா, அவரவர் சொந்தச் சுவரா? பொதுவெனில் கனம் எத்தனை அங்குலம், எல்லைக்கோடு அதன் நடுவில் செல்கிறதா? ஒருவர் மாடி எழுப்பினால் அதன் பாரத்தைச் சுவர் தாங்குமென அடித்தளம் போடப்பட்டுள்ளதா? ஒருவர் கூரைநீர் மற்றவர் மனையில் விழலாமா? நடைபாதையின் அகலம் என்ன, அதில் வாகனம் நிறுத்தலாமா? கழிவுநீர்த் தொட்டியை அகற்றும் செலவு எவ்வாறு பங்கிடப்படும்? இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கொடுக்கல் வாங்கலைச் சிறிதாயினும் எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் கடன் பத்திரத்தோடு நிறுத்திவிடுகிறோம். சுவருக்கும் அது பொருந்தும்.

அண்டை வீட்டார்

'ஷுஃப்ஆ' எனப்படும் முன்கொள்முதல் உரிமை பற்றிச் சிறிது கூற வேண்டும். ஒருவர் தம் சொத்தை அந்நியருக்கு விற்கும்போது, பங்காளியோ அண்டையாரோ அதே விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ளக் கோரும் உரிமை இது. ஷாஃபிஈ மத்ஹபில் இது சொத்தில் பங்குள்ளவருக்கு மட்டுமே. ஹனஃபி மத்ஹபில் மூன்று படிகள் உண்டு: முதலில் சொத்தில் பங்காளி, அடுத்துப் பாதை, நீர் போன்ற துணை உரிமைகளில் பங்குடையவர், மூன்றாவதாகச் சுவரொட்டிய அண்டையார். பொதுப்பாதையும் பொதுச்சுவரும் உடைய வரிசை வீட்டார் ஒருவருக்கொருவர் இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோ நிற்கின்றனர். அந்த அண்டையார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்கள் விதிக்கவில்லை. ஹன்பலிகளே அதில் மாறுபட்டனர்.

நீதிமன்றத்தில் இவ்வுரிமை நம் மாநிலத்தில் செல்லாது. முஸ்லிம் சட்டத்தின் முன்கொள்முதல் விதி சென்னை மாகாணத்தில் சட்டமாகப் பொருந்தாது என 1870ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காறாக நிலவிய மலபார் மட்டுமே விலக்கு. அண்டை என்ற ஒரே காரணத்தால் கோரப்படும் முன்கொள்முதல் அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. எனவே ஷுஃப்ஆ நமக்கு வழக்குமன்ற உரிமையாக அன்றி ஒழுக்கமாகவே எஞ்சியுள்ளது.

அந்த ஒழுக்கத்தின் உச்சத்தை ஸஹீஹுல் புகாரியின் ஷுஃப்ஆ பகுதியில் காணலாம். அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்திற்குள் இரு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅத் (ரலி) அவர்களிடமே கேட்டார்கள். நாலாயிரத்திற்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையாகத்தான் என்றார்கள் ஸஅத் (ரலி). வேறொருவர் ஐந்நூறு தங்கக் காசு தர முன்வந்திருந்தார். அக்காலத்து நாணய மாற்றில் அது நாலாயிரம் வெள்ளிக் காசைவிடக் கணிசமாக அதிகம். ஆயினும் அண்மையில் இருப்பவருக்கே முன்னுரிமை என நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்த காரணத்தால், குறைந்த விலைக்கும் தவணைக்கும் உடன்பட்டு அபூ ராஃபிஉ (ரலி) விற்றார்கள். விலை, அண்டை, தவணை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

கீழப்பாவூரில் என் மாணவரின் இருபுறமும் பிற சமயத்தார். அவருடைய உம்மாவுக்கு அதில் தயக்கம் இருந்தது. "நம்ம தெரு மாதிரி வருமா?" என்றார். அண்டையாரின் உரிமை பற்றிய நபிமொழியை யூத அண்டை வீட்டாருக்கே முதலில் பொருத்திக் காட்டியவர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி). தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது அந்த வீட்டிற்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என அபூதாவூத், திர்மிதி நூல்கள் கூறுகின்றன. இதை உம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். தயக்கம் முற்றிலும் நீங்கியதாகக் கூற முடியாது. பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பிள்ளைகள் மாலையில் குர்ஆன் ஓத எங்குச் செல்வர், ஜனாஸா நேர்ந்தால் எந்த ஜமாஅத் என்ற கேள்விகள் நியாயமானவையே. அவற்றுக்கு விடை தேடியபின் வாங்குவது வேறு. அந்நியர் என்ற அச்சத்தால் விலகுவது வேறு.

அச்சாரமும் கட்டாத வீடும்

சில ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் நானும் ஒரு வரிசை வீட்டிற்கு அச்சாரம் கொடுத்தேன். அப்போது அங்கே இருந்தவை எல்லைக் கற்கள் மட்டுமே. சாதாரண முத்திரைத் தாளில் எழுதிய பதிவு செய்யாத ஒப்பந்தம். முடிக்கும் தேதி அதில் இல்லை. இரண்டாண்டு கடந்தும் சுவர் எழவில்லை. கொடுத்ததில் பாதி திரும்பி வந்தது, மறுபாதி வரவில்லை. கித்தாபு நடத்துபவன் தன் விஷயத்தில் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நாம் அச்சாரம் என்பதை அரபியர் 'அர்பூன்' என்பர். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே என்ற நிபந்தனையைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) ஏற்றார்கள். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மக்காவில் சிறைச்சாலைக்கென ஸஃப்வான் இப்னு உமையாவிடமிருந்து நாஃபிஉ இப்னு அப்தில் ஹாரிஸ் வீடு வாங்கியதே அதற்கு ஆதாரம். கலீஃபா ஒப்பினால் விற்பனை, ஒப்பாவிடில் ஸஃப்வானுக்கு நானூறு என்பது அங்குப் பேசிய நிபந்தனை. 1993இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, காத்திருப்புக் காலம் வரையறுக்கப்பட்டால் அர்பூன் கூடும் எனத் தீர்மானித்தது. காலவரையறை என்னும் அந்த ஒற்றை நிபந்தனைதான் என் ஒப்பந்தத்தில் இல்லை. கட்டாத வீட்டை வரைபடம், அளவு, பொருள், தவணை ஆகியவற்றைத் திட்டமாகக் குறித்துச் செய்யச் சொல்லி வாங்குவது 'இஸ்திஸ்னாஃ' எனும் ஒப்பந்தத்தின்கீழ் வரும். 1992இல் அதே அகாதமி அதனையும் விளக்கியது. அதிலும் காலக்கெடு இன்றியமையாதது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. வாங்குவோர் பணத்தில் எழுபது விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் தோன்றும் கட்டமைப்புக் குறையைக் கட்டணமின்றிச் சீர்செய்து தர வேண்டும். எனினும் நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாத, அல்லது வீடுகள் எட்டுக்கு மிகாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சிற்றூர்களில் எழும் நான்கு, ஐந்து வீட்டு வரிசைகள் பெரும்பாலும் இந்த விலக்கின் நிழலில் நிற்பவை. ஆகவே சட்டம் தராத காப்பை ஒப்பந்தமே தர வேண்டும். கட்டி முடித்த வீட்டைக் கண்ணால் கண்டு வாங்குவது இன்னும் நன்று.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக

தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர் அறாதிருக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுகளாவது பார்க்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் மட்டும் சொத்து கைமாறாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்திவிட்டது. மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றதா, 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முந்தையதாயின் வரன்முறை செய்யப்பட்டதா என அறிய வேண்டும். வக்ஃபு, கோயில், பூமிதான நிலங்களின் பதிவுக்குத் தடையுண்டு. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பலாகாது. பட்டா கூட்டுப்பட்டாவாக இருப்பின் ஒவ்வொரு வீட்டிற்கும் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறுவது யார் பொறுப்பு என முன்னரே பேச வேண்டும்.

விலைக்கு மேல் பத்திரச் செலவும் உண்டு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடாகக் குறைந்தது. வழிகாட்டி மதிப்போ உயர்ந்தது. முத்திரைத் தீர்வை ஐந்து, மாற்றத் தீர்வை இரண்டு சேர்த்து மொத்தம் ஒன்பது விழுக்காடு. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு தள்ளுபடி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

பெண்கள் பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் நகையை விற்று வாங்கும் வீட்டைக் கணவன் தன் பெயரில் மட்டும் எழுதிக்கொள்வது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. மஹரும் நகையும் அவளுடைய தனிச்சொத்து. அவள் மனமுவந்து அன்பளிப்பாகத் தந்தாளா, கடனாகத் தந்தாளா, பங்காகத் தந்தாளா என்பதை அவள் வாய்மொழியாகக் கேட்டு, பங்காயின் பத்திரத்தில் அவள் பெயரையும் எழுத வேண்டும். என் மாணவரிடம் இதைக் கேட்டபோது சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நான் அவளிடம் கேட்கவே இல்லை, ஹஜ்ரத்" என்றார்.

கடன்

இறுதியில் எல்லோரும் வந்து நிற்குமிடம் இதுவே. வட்டி அடிப்படையில் வீட்டுக்கடன் பெறுவது கூடாது என்பது 1990இல் ஃபிக்ஹு அகாதமி ஜித்தாவில் எடுத்த முடிவு. ஐரோப்பிய ஃபத்வாக் குழு 1999இல், வேறு வழியற்ற ஐரோப்பிய முஸ்லிம்களுக்குத் தேவையின் பேரில் முதல் வீட்டிற்கு மட்டும் சலுகை கூறியது; அதனைப் பல அறிஞர்கள் மறுத்தனர். இந்தியாவில் வட்டியில்லா வங்கி பற்றி 2008இல் இரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்ததும், அத்திட்டத்தை மேற்கொள்வதில்லை என 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்ததும் பலரும் அறிந்தவை.

மார்க்கத் தீர்ப்பை ஒருபுறம் வைத்து எண்ணை மட்டும் பார்த்தாலும் உண்மை விளங்கும். இருபது லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டியில் இருபதாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,350 ரூபாய். 240 தவணையும் முடியும்போது கட்டியிருக்கும் தொகை நாற்பத்தொன்றரை லட்சத்தைத் தாண்டும். நகரத்து வீட்டிற்காக இதை ஏற்பவர், ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு இரண்டு வீட்டின் விலையைக் கொடுக்கிறார்.

சிற்றூரில் வாங்குவதன் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. மலிவு என்பதற்காக அதே கடனில் பெரிய வீடு வாங்குவோர் அந்தப் பயனை இழக்கின்றனர். விலை நம் கைக்கெட்டும் அளவுக்கு இறங்கும்போது, வங்கியை இடையில் நிறுத்தாமல் விற்பவரோடு நேரே பேசும் வாய்ப்பு பிறக்கிறது. அபூ ராஃபிஉ (ரலி) அவர்களும் ஸஅத் (ரலி) அவர்களும் செய்தது அதுவே. ரொக்க விலையைவிடத் தவணை விலை சற்று அதிகமாக இருப்பினும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையாக முடிவு செய்து பின்னர் தாமதத்திற்காகக் கூட்டாதிருந்தால் அது கூடும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

இதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டா என்று ஐயுறுவோர் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். விற்பனைக்கு அதன் 54ஆம் பிரிவு தரும் வரையறையிலேயே, விலை முழுதும் கொடுக்கப்பட்டதாகவோ, தருவதாக வாக்களிக்கப்பட்டதாகவோ, ஒரு பகுதி கொடுத்து ஒரு பகுதி வாக்களிக்கப்பட்டதாகவோ இருக்கலாம் என்பது அடங்கியுள்ளது. பாக்கி விலைக்கு விற்றவருக்கு அச்சொத்தின்மேல் பொறுப்புரிமை உண்டு என 55ஆம் பிரிவு கூறுகிறது. ஃபிக்ஹில் இது 'ரஹ்ன்' எனும் ஈட்டுக்கு ஒப்பானது. வாங்கியவர் வீட்டின் உரிமையாளராகிறார்; விற்றவரின் பாக்கியும் பாதுகாப்பாக இருக்கிறது. வட்டி என்ற சொல்லுக்கே இங்கு வேலையில்லை. வழி திறந்தே உள்ளது, கேட்பவர்தாம் குறைவு.

என் மாணவர் கேட்டார். விற்பவர் முதலில் சிரித்தார். பிறகு மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஐந்து வீடுகளுள் இரண்டு விற்காமலே கிடந்தன என்பதும் உதவியிருக்கலாம். பாதி விலையை உடனே பெற்றுக்கொண்டு, மீதியைச் சற்றுக் கூடுதலான ஒரே விலையில் முப்பத்தாறு தவணையாகப் பெற உடன்பட்டார். முதல் ஓராண்டில் தவணை தவறினால் என்ன செய்வது என்பதில் இருவருக்கும் இழுபறி ஏற்பட்டது. இரு மாதம் முன்னறிவிப்பு, அதன்பின் ஊர்ப் பெரியவர் இருவர் முன்னிலையில் பேச்சு என்று முடிந்தது. மாதத் தவணை கனமானது. நிலத்தில் தம் பாகத்தை விற்று வாப்பா ஒரு பகுதி கொடுத்தார். இனி மூன்றாண்டுக்கு அந்த வீட்டில் புதுத் துணி இருக்காது.

பத்திரம் பதிவான அன்று நானும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சியாக நின்றேன். பத்திரத்தில் இரு பெயர்கள் இருந்தன. மனைவியின் பெயர் முதலில். சொத்து விவரத்தின் கீழ் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. வடபுறச் சுவர் ஒன்பது அங்குலப் பொதுச்சுவர் என்றும், எல்லைக்கோடு அதன் நடுவே என்றும், நடைபாதை ஐவருக்கும் பொது என்றும், தொட்டிச் செலவு ஐந்தில் ஒரு பங்கு என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்த வடபுற வீட்டார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தம் பத்திரத்தில் இது இல்லையே என்று வருந்தினார். பிழைதிருத்தல் பத்திரம் எழுத முடியுமா என்று எழுத்தரிடம் விசாரித்துக்கொண்டே படியிறங்கினார்.